ஃபெண்டர் ஒடுங்கினால் டிங்கரிங்கா, புதுசா?

முன் ஃபெண்டர் (முன் சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகடு) ஒடுங்கிய காரைப் பட்டறையில் விட்டதும் வரும் கேள்வி: தட்டி நிமிர்த்தவா, புதுசு மாட்டவா? தட்டினால் செலவு குறைவு, அதில் விவாதமே இல்லை. கடலோர ஊரில் ஓடும் வண்டி என்றால் நான் புதுசு பக்கம்தான். காரணம் பெயிண்ட் இல்லை, தகட்டின் பின்பக்கம்.

ஒடுக்கை வெளியே இழுக்கும் டென்ட் புல்லர் கருவியை மாட்டுவதற்காக வாஷர் வாஷராக வெல்டு வைக்கிறார்கள். வெல்டு பட்ட ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால், கம்பெனியில் முக்கியெடுத்த ஈ.டி. கோட்டிங் (மின்சாரத்தால் படியவைத்த துருத்தடுப்புப் பூச்சு) கருகிப்போகும். கைவிட்டுத் தடவினால் சொரசொரப்பு தெரியும். சக்கரத்துக்கு மேலே உள்பக்கம் மூடியிருக்கும் வீல் ஆர்ச் லைனரைக் கழற்றி, அந்த இடத்தைச் சுரண்டி எபாக்சி பிரைமரும் கேவிட்டி வாக்ஸும் (துரு பிடிக்காமல் காக்கும் மெழுகு) அடித்தால் தப்பிக்கும். பல பட்டறைகளில் லைனரைத் தொடுவதே இல்லை. சக்கரம் வாரியடிக்கும் சேறும் உப்பு ஈரமும் அங்கேயே தங்கும். முன்னால் கண்ணாடி மாதிரி பளபளக்கும்போதே பின்னால் துரு வேலையைத் தொடங்கியிருக்கும்.

அடுத்த வில்லங்கம், பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி. தேய்த்து முடித்த பின் 2, 3 மி.மீ.க்கு மேல் நிற்கக் கூடாது. அதை இறுக வைக்கக் கலக்கும் ஹார்டனர், பட்டியின் எடையில் 2% அளவு. சீக்கிரம் இறுகட்டும் என்று அள்ளிப் போட்டால் வெள்ளைக் காரில் மஞ்சள் கறை ஊறி வரும். பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது அதைவிட மோசம். உறிஞ்சிய ஈரம் பிரைமருக்கு அடியில் மாட்டிக்கொண்டு வெயிலில் கொப்புளமாக எழும். 80, 180, 320 நம்பர் உப்புத்தாள் என உலர்வாகவே தேய்க்கச் சொல்லுங்கள். தண்ணீரெல்லாம் பிரைமர் அடித்த பிறகு.

புது ஃபெண்டர் போல்ட்டில் நிற்பது. வெல்டு தேவையில்லை, இருபக்கமும் கறுப்பு ஈ.டி. கோட்டிங்கோடு வரும். வெளிமார்க்கெட் பீஸ் என்றால் தின்னர் நனைத்த துணியால் துடைத்துப் பாருங்கள். அந்தக் கறுப்பு நிறம் துணியில் ஏறினால் அது வெறும் பெயிண்ட், அந்தப் பீஸ் வேண்டாம். பெயிண்ட் அடிக்கும் முன்பே வண்டியில் மாட்டி பானெட், கதவு இரண்டோடும் கேப் (இடைவெளி) சரியா என்று பார்த்துவிட வேண்டும். பெயிண்டர் தகடு தெரியத் தேய்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கோட்டிங்கின் பளபளப்பை மங்கலாக்கினால் போதும். சில்வர், மெட்டாலிக் கலர்களில் பக்கத்துக் கதவிலும் கொஞ்சம் பிளெண்ட் செய்யாவிட்டால் (கலரைப் படிப்படியாகக் கரைத்து விடாவிட்டால்) ஒட்டுப் போட்டது மாதிரி தெரியும்.

விற்கும்போதும் இதே கதைதான். கம்பெனி பெயிண்ட், பூச்சின் தடிமனை அளக்கும் மீட்டரில் சுமார் 100 முதல் 150 மைக்ரான் காட்டும். பட்டி இருந்தால் 1000-ஐக்கூடத் தாண்டலாம். புது ஃபெண்டரில் போல்ட் தலையில் ஸ்பேனர் தடம் இருக்கும், அதையும் கேட்பார்கள்தான். ஆனால் பதில் சொல்வது சுலபம். இன்சூரன்ஸில் ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் கவர்) இல்லாமல் வண்டி 5 வயது தாண்டி 10-க்குள் இருந்தால் இரும்பு பாகத்துக்கு 40% கழிப்பார்கள் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பின் குவார்ட்டர் பேனலுக்கு (பின் சக்கரத்தைச் சுற்றிய பக்கத் தகடு) மட்டும் நான் கட்சி மாறுவேன். அது பாடியோடு வெல்டு ஆனது. அறுத்தால் கம்பெனி ஸ்பாட் வெல்டும் சீலரும் போய்விடும். அங்கே தட்டுவதே மேல். டிக்கியின் உள் லைனிங்கைக் கழற்றி வாக்ஸ் அடித்ததைக் கண்ணால் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.