டெக்ஸ்டர் இன் தி டார்க்: மூணாவது புத்தகத்துல டெக்ஸ்டரையே காணோம்

ஜெஃப் லிண்ட்சே எழுதுன டெக்ஸ்டர் நாவல் வரிசையில இது மூணாவது, 2007ல வந்தது. முதல் ரெண்டையும் கீழ வைக்க மனசில்லாம படிச்சேன், அந்த வேகத்துல இதை எடுத்தேன், முடிக்கறப்போ நிஜமாவே மனசு விட்டுப்போச்சு. முடிவு வரைக்கும் எல்லாத்தையும் சொல்லப்போறேன், அதனால படிக்கணும்னு நினைக்கறவங்க இதோட நிறுத்திக்கங்க.

டிவி சீரியல் மட்டும் பாத்தவங்களுக்கு ஒரு விஷயம். 2006ல ஷோடைம்ல ஆரம்பிச்ச சீரியலோட முதல் சீசன்தான் முதல் நாவல், அதுக்கப்புறம் ரெண்டும் வேற வேற பாதை. சீரியல்ல ஏழாவது சீசன் வரைக்கும் வர்ற போலீஸ் அதிகாரி லகுவெர்ட்டா புத்தகத்துல முதல் நாவல்லயே செத்துப் போயிடுவாங்க, சீரியல்ல முதல் சீசன் கடைசியில சாகுற டெக்ஸ்டரோட அண்ணன் பிரையன் புத்தகத்துல தப்பிச்சுப் போயிடுவான். அதனால நான் இங்க புலம்பறது முழுக்க புத்தகத்தைப் பத்தி மட்டும்தான், சீரியல்ல டெக்ஸ்டரா நடிச்ச மைக்கேல் சி. ஹாலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

இந்த வரிசை ஏன் அவ்ளோ பிடிச்சுதுன்னு முதல்ல சொல்லணும், அப்பதான் கோபம் புரியும். டெக்ஸ்டர் மியாமி போலீஸ்ல ரத்தம் எப்படித் தெறிச்சிருக்குன்னு பாத்து கொலை எப்படி நடந்துச்சுன்னு சொல்ற நிபுணர். சின்ன வயசுல அம்மாவை கண்ணு முன்னாடி கொன்னாங்க, அதுல இருந்து அவனுக்குள்ள கொல்லணும்ங்கற வெறி. வளர்ப்பு அப்பா ஹாரி ஒரு போலீஸ்காரர், பையன் மாற மாட்டான்னு தெரிஞ்சதும் ஒரு விதி போட்டுக் கொடுக்கறார்: சட்டத்துல இருந்து தப்பிச்ச கொலைகாரனை மட்டும் தொடு, அவன்தான்னு உறுதியா தெரியணும், தடயமே இருக்கக் கூடாது. ஆள் கார்ல ஏறி உக்காந்ததும் பின் சீட்ல பதுங்கியிருந்த டெக்ஸ்டர் எழுந்து நைலான் தூண்டில் கயிறை கழுத்துல மாட்டி இறுக்குவான் பாருங்க, அந்த இடத்துல எல்லாம் நாவல் நம்மளையும் சேத்து அந்த கார்ல உக்கார வச்சிரும். அதுவும் அந்த நேரத்துல அவன் "நான்"னு சொல்ல மாட்டான், "நாங்க"ன்னு சொல்லுவான். ஏன்னா உள்ள இன்னொரு ஆள் இருக்கான், டார்க் பாஸஞ்சர்.

அந்த பாஸஞ்சர் யாருன்னு முதல் ரெண்டு புத்தகத்துல ஆசிரியர் சொல்லவே இல்ல. அவனோட வெறிக்கு அவனே வச்ச பேரா, அம்மா செத்த அன்னைக்கு உள்ள உடைஞ்சு போன ஏதோ ஒண்ணா, இல்ல நிஜமாவே ஒரு குரலா, எப்படி வேணா எடுத்துக்கலாம். சட்டத்தை கையில எடுக்கறவன் கதையை நான் படிக்கறதே ஒரு விஷயத்துக்குத்தான்: செத்தவன் சாக வேண்டியவன்தான்னு மனசு கைதட்டும், அடுத்த நிமிஷம் ஐயோ நாம எதுக்கு கைதட்டுறோம்னு வயித்தை என்னவோ பண்ணும். டெக்ஸ்டர் அந்த ரெண்டுக்கும் நடுவுல நம்மளை பிடிச்சு நிறுத்தி வச்சிருந்தான், கொன்னது அவன் கை, முடிவெடுத்தது அவன் மூளை, அதை ரசிச்சது நாம.

இப்போ மூணாவதுக்கு வருவோம். முன்னுரையே காலம் தொடங்குனதுல இருந்து இருக்கற ஏதோ ஒரு சக்தி தன்னைப் பத்தி நினைச்சுப் பாக்கற மாதிரி ஆரம்பிக்குது. அங்கயே எனக்கு கொஞ்சம் திக்குன்னுச்சு, சரி போகப்போக ஏதாவது இருக்கும்னு விட்டுட்டேன். மியாமி யுனிவர்சிட்டி கேம்பஸ்ல ரெண்டு பொண்ணுங்களோட உடம்பு எரிஞ்சு கிடக்குது, தலை இல்ல, தலை இருக்க வேண்டிய இடத்துல பீங்கான்ல செஞ்ச காளை மாட்டுத் தலை. டெக்ஸ்டர் கிட்ட போறான், உள்ள இருக்கற பாஸஞ்சர் ஏதோ ஒண்ணை மோப்பம் பிடிச்சு பயந்து, ஒரு வார்த்தை சொல்லாம அவனை விட்டுட்டு ஓடிடுது.

இது எவ்ளோ அருமையான யோசனை! கொலைகாரன்கிட்ட இருந்து அந்த வெறியை மட்டும் உருவி எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கும்? உள்ள வெறுமையா, குற்றம் நடந்த இடத்தைப் பாத்தா எதுவும் தோணாம, முதல் தடவையா பயம்னா என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு நிக்கறான். ஒருத்தனைக் கொல்லப் போயி கை வராம சொதப்பறான். ராத்திரி தூக்கத்துல எங்கிருந்தோ இசை கேக்குது, எழுந்து பாத்தா வியர்த்துக் கொட்டுது. இவன் இதுவரைக்கும் செஞ்சதெல்லாம் இவனா அதுவாங்கற கேள்வியை இதை விட நேரா கேக்க முடியாது. இந்த நூறு பக்கம் சொச்சத்தை படிக்கறப்போ இதுதான் வரிசையிலயே பெஸ்ட்டா வரப்போகுதுன்னு நம்புனேன்.

ஆனா அந்தக் கேள்விக்கு ஆசிரியர் கொடுக்கற பதில் மோலோக். பழைய ஏற்பாட்டுல வர்ற, குழந்தைகளை நெருப்புல பலி வாங்கற அந்த தெய்வமேதான். பாஸஞ்சர்ங்கறது அதோட வாரிசு, ஆதி காலத்துல இருந்து ஆள் விட்டு ஆள் தாவிக்கிட்டே வருதாம். முடிஞ்சுதா? ஹாரியோட விதி, அந்த சின்னப் பையன் ரத்தத்துல உக்காந்திருந்தது, ரெண்டு புத்தகமா நாம பட்ட அவஸ்தை, எல்லாத்தையும் தூக்கி ஒரு சாமி தலையில போட்டாச்சு. கொன்னது அவன் இல்ல, அவனுக்குள்ள பூந்த ஒண்ணுன்னா, நான் எதுக்கு இவன் பக்கம் நிக்கறதா வேணாமான்னு யோசிக்கணும்? பேய் பிடிச்ச ஆளுக்கு வேப்பிலை அடிச்சா போதுமே, நீதி நியாயம் எல்லாம் எதுக்கு. பேய்க்கதை மேல எனக்கு கோபம் எதுவும் இல்ல, நல்லா எழுதுனா விரும்பிப் படிப்பேன், ஆனா ரெண்டு புத்தகம் ஒரு ஆட்டம் ஆடிட்டு மூணாவதுல விதியையே மாத்தறது வாசகனை நம்பாம செய்யற வேலை.

துப்பறியறதும் இதனால படுத்துருச்சு. ரத்தத்தைப் பாத்தே கதை சொல்றவன் இதுல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து பழைய அராமிக் எழுத்தையும் பழங்கால மதத்தையும் தேடிக்கிட்டு இருக்கான். நடுநடுவுல அந்த சக்தியோட பார்வையில குட்டிக் குட்டி அத்தியாயம் வேற, டெக்ஸ்டரோட குரல் ஓடிக்கிட்டு இருக்கறப்போ திடீர்னு வெட்டி இதைக் கொண்டு வந்து சொருகறாங்க, எனக்கு ஒவ்வொரு தடவையும் படிக்கற மூடே போயிடுச்சு.

நல்லதும் இருக்கு, மறைக்க மாட்டேன். டெக்ஸ்டர் கட்டிக்கப்போற ரீட்டாவோட பசங்க கோடியும் ஆஸ்டரும்தான் இந்தப் புத்தகத்தைக் காப்பாத்தறாங்க. பெத்த அப்பன் அடிச்ச அடியில அவங்களுக்குள்ளயும் அதே இருட்டு விழுந்திருக்கு, கோடி அதை "நிழல் ஆளு"ங்கற மாதிரி தனக்குள்ள இருக்கற ஒருத்தனா சொல்றான், அவங்களுக்கு ஹாரியோட பாடத்தை டெக்ஸ்டர் சொல்லிக் கொடுக்கறது வரிசையிலயே ரொம்ப பயமான விஷயம், ஏன்னா இது எந்த சாமியும் இல்லாம வீட்டுக்குள்ளயே நடக்குது. அவங்க கல்யாண சாப்பாட்டை சமைக்க வர்ற மேனி போர்க் பகுதி சிரிப்பா போகுது. போன புத்தகத்துல கை, கால், நாக்கு எல்லாம் போன, டெக்ஸ்டரை எப்பவும் சந்தேகப்படற போலீஸ்காரர் டோக்ஸ் ஒரு பேசற மெஷினை தட்டி உற்சாகமான குரல்ல டெக்ஸ்டரை மிரட்டறது மனசுல நின்னுச்சு. போலீஸ்ல இருக்கற தங்கச்சி டெபோரா வழக்கம் போல திட்டிக்கிட்டே வேலை பாக்கறா, குறை இல்ல.

கடைசியில பசங்களை கடத்திட்டுப் போயி காளைத் தலை சிலை முன்னாடி, நெருப்பு, கூட்டம்னு ஒரே அமர்க்களம், அதுல டெக்ஸ்டர் பெருசா எதையும் யோசிச்சு ஜெயிக்கல, நடக்கறது நடக்குது, அவ்ளோதான். பாஸஞ்சர் திரும்பி வருது, கல்யாணமும் முடியுது.

2009ல வந்த நாலாவது, டெக்ஸ்டர் பை டிசைன், பாரிஸ்ல தேனிலவுல ஆரம்பிச்சு மறுபடி மியாமி, பொணத்தை டூரிஸ்ட் விளம்பரம் மாதிரி அலங்காரம் பண்ற ஒரு கொலைகாரன், டெபோராவை கத்தியால குத்தறதுன்னு பழைய தடத்துக்கு வந்துருச்சு. மோலோக் பக்கம் ஆசிரியர் எட்டிக்கூட பாக்கல. அதனால புதுசா ஆரம்பிக்கறவங்க முதல் ரெண்டையும் படிச்சுட்டு நேரா நாலாவதுக்குப் போயிடுங்க, ரீட்டாவும் டெக்ஸ்டரும் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, பசங்க ரெண்டு பேரும் அவன்கிட்ட பாடம் படிக்க ஆரம்பிச்சிருக்காங்க, இது தெரிஞ்சா போதும், கதை விட்டுப்போகாது. அஞ்சு நட்சத்திரத்துக்கு நான் ரெண்டு தரேன், அந்த ரெண்டும் கோடிக்கும் ஆஸ்டருக்கும்தான்.