கோட்டையடித் தோசைக் கடையும் லாச்சிக்குள் கிடக்கும் கியூஆர் மட்டையும்

திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குக் காலையில் வெறும் வயிற்றோடு போய், மலையிறங்கி மான்களைப் பார்த்துக்கொண்டு வரும்போதுதான் பசி தெரியும். கோட்டை வாசலைத் தாண்டி டவுன் பக்கம் வரும் வழியில் ஒரு சைவக் கடை இருக்கிறது. பெயர் போடவில்லை, ஏனென்றால் ஒரு குறையும் சொல்லப் போகிறேன், முதலாளி ஐயா நல்ல மனுசர்.

முதலில் சாப்பாடு. தோசை எங்கள் வீட்டுத் தோசைதான். வெந்தயமும் மஞ்சளும் சேர்த்த மாவில் வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, தடிப்பாக, பஞ்சு மாதிரிச் சுடுகிறார்கள். சம்பலில் தேங்காய்ப்பூ பச்சையாகவே மணக்கிறது. மூன்று தோசை, இரண்டு உளுந்து வடை, ஒரு பிளேன் ரீ, எல்லாம் 420 ரூபாய். இந்தியாவில் இருந்து வரும் யாத்திரிகர்களுக்காக மசாலா தோசையும் தொடங்கியிருக்கிறார்கள், அது சரிவரவில்லை, கிழங்கு அரை வேக்காடு. அதை விட்டுவிடுங்கள்.

இனிக் குறை. போன மாதம் நான் போயிருந்தபோது பக்கத்து மேசையில் கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று. சாப்பிட்டு முடித்து அந்த அம்மா, "ஸ்கேன் பண்ணலாங்களா?" என்று கேட்டதும் ஐயா லாச்சியைத் திறந்து, பில் கட்டுக்கும் ஊதுபத்திப் பெட்டிக்கும் கீழே இருந்து கியூஆர் மட்டையை எடுத்து, எண்ணெய்க் கறையைத் தோள் துவாயால் துடைத்துக் கொடுத்தார். போனில் காசு கட்டும் இந்தியாவின் யூபிஐ முறை 2024 பெப்ரவரியில் இருந்து எங்கள் கியூஆரிலும் வேலை செய்கிறது, அவர்களுக்கு அரை நிமிடத்தில் முடிந்தது. அடுத்தது நான். போனை எடுத்தேன். மட்டை திரும்ப லாச்சிக்குள் போய்விட்டது.

"பிள்ளை, நீங்கள் காசாத் தாங்கோவன்."

"ஏன் ஐயா, அவைக்குக் குடுத்தனீங்கள்தானே?"

"அவை இந்தியாக்காரர், பழகிட்டினம். எங்கட சனம் இதுக்கெல்லாம் பழகாது. வங்கியும் ஒரு வீதம் பிடிக்கும்."

எனக்கு அந்த "எங்கட சனம் பழகாது" என்ற சொல்தான் தைத்தது. 2022 இல் தட்டுப்பாட்டு நேரம் பங்கீட்டுப் பெற்றோலுக்கு நாங்கள் எல்லோரும் கியூஆர் காட்டவில்லையா? ஜூலையில் தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஆட்டோவுக்கு 5 லீற்றர். என் சித்தப்பாவுக்கு எழுபது வயது, சாதாரண பட்டன் போன். மகளிடம் சொல்லித் தாளில் அச்சடித்து, லெமினேற் பண்ணி, ஸ்கூட்டர்ச் சாவியோடு கோர்த்து வைத்திருந்தார். பழகுவதற்கு அவருக்கு எத்தனை நாள் எடுத்தது? இரண்டு கிழமை கூட இல்லை. இந்த ஐயாவும் அந்த வரிசையில் நின்றவர்தானே.

அம்மாவின் கண் ஒப்பரேசனுக்காக மதுரைக்குப் போனபோது மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்தடியில் ஒரு அக்காவிடம் மல்லிகை வாங்கினேன். பூக்கூடைக்குப் பக்கத்தில் கியூஆர் ஒட்டிய சின்னப் பெட்டி, காசு வந்ததும் எத்தனை ரூபாய் என்று தமிழில் உரக்கச் சொல்லும். அவருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கக்கூடத் தெரியாது, பெட்டி சொன்னதும் முழம் போட்டுக் கிள்ளித் தருகிறார். கேட்டேன். கொரோனா நேரத்தில் நோட்டைத் தொடப் பயந்தார்களாம், மகன் கொண்டுவந்து வைத்தானாம். அங்கே 2020 இல் இருந்து யூபிஐயில் காசு வாங்கும் கடைக்காரரிடம் கட்டணம் பிடிப்பதில்லை. இருபது ரூபாய்ப் பூவில் யாரும் பங்கு கேட்கவில்லை, அதனால்தான் அந்தப் பெட்டி கூடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இங்கே தன் வடையில் வங்கிக்கு ஒரு துண்டு போகிறது என்று ஐயா நினைக்கிறார், மட்டை லாச்சிக்குள் போகிறது. அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் சனத்தின் மேல் பழி போட வேண்டாம்.

அப்புறம், இந்தியா என்றால் எல்லாம் மாறிவிட்டது என்றும் நான் சொல்லவில்லை. 1977 இல் இலங்கையில் நாங்கள் வெளிநாட்டுச் சாமானுக்குச் சந்தையைத் திறந்தபோது அவர்கள் பூட்டித்தான் வைத்திருந்தார்கள், 1991 இல் மன்மோகன் சிங் நிதியமைச்சராக வந்த பிறகுதான் திறந்தார்கள். இடையில் திருச்சிச் சொந்தக்காரர் இங்கிருந்து வாசனைச் சவர்க்காரம் கேட்டு எழுதுவார்களாம், அம்மம்மா சொல்வார். இப்போது நாங்கள் அங்கே போய்ச் சீலை வாங்குகிறோம். ஆனால் மதுரையில் அறை தேடியபோது, போனில் முற்பணம் வாங்கிக்கொண்ட வீட்டுக்கார அம்மா அடுத்த மூச்சில் கேட்டது, "நீங்க என்ன ஆளுங்க?" அங்கே தீண்டாமையைச் சட்டத்தில் ஒழித்த ஆண்டு 1950. இங்கேயும் "ஊரில் எந்தப் பக்கம்?" என்று சுற்றிவளைத்துக் கேட்கிறோம், அதே சாதிக் கேள்விதான். வீட்டுக்காரி அந்தக் கேள்வியைக் கேட்டபோது என் அம்மாவின் முகம் சுருங்கியது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

சரி, கடைக்கு வருவோம். வெள்ளிக்கிழமை என்றால் எட்டு மணிக்கு முன் போங்கள், பிறகு இடம் கிடைக்காது. வடை சூடாக வரும் நேரம் ஏழரை. கை கழுவும் இடம் சுத்தம், தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் வைக்கிறார்கள். காசு கொடுக்கும்போது மட்டையைக் கேளுங்கள், லாச்சிக்குள்தான் இருக்கிறது. நான் போன கிழமையும் கேட்டேன், முணுமுணுத்துக்கொண்டே எடுத்துத் தந்தார்.