ஓதுவதா, படிப்பதா, எழுதுவதா? யோக சாதனையின் காலை அரைமணி

இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்து வீடுகளில் யோகம் பயில்பவர்களுக்கு ஒரு நாளில் தமக்கென்று கிடைப்பது பெரும்பாலும் விடியற்காலை அரைமணி நேரமே. தண்ணீர் லாரி தெருமுனையில் வந்து நிற்பதற்கும், மணலி, எண்ணூர்ப் பக்கம் முதல் ஷிப்டுக்குக் கிளம்புவதற்கும் முன்னால் அது முடிந்தாக வேண்டும். அந்த நேரத்துக்குள் ஆசனத்தையும் மூச்சுப் பயிற்சியையும் எப்படி அடக்குவது என்பதில் யாருக்கும் பெரிய குழப்பம் இல்லை. வகுப்பில் சொல்லிக்கொடுத்ததைச் செய்துவிடுகிறார்கள். தன்னைக் கற்றல் எனப்படும் சுவாத்தியாயத்தில்தான் தடுமாற்றம் வருகிறது. பதஞ்சலி அதை யோக சூத்திரத்தின் இரண்டாம் பாதத்தில் (அதிகாரத்தில்) இரண்டு இடங்களில் வைக்கிறார்: தவம், ஈசுவரப் பிரணிதானம் (இறைவனிடம் ஒப்படைத்தல்) ஆகியவற்றோடு கிரியா யோகத்தின் ஓர் உறுப்பாகவும், பின்னர் நியமங்கள் எனப்படும் ஐந்து கடைப்பிடிப்புகளில் நான்காவதாகவும். செய்முறையை அவர் விரிக்கவில்லை. உரை எழுதிய வியாசர், பிரணவம் (ஓம்) முதலிய தூய மந்திரங்களைச் செபிப்பது அல்லது வீடுபேற்று நூல்களைக் கற்பது என இரண்டு வழிகளைக் காட்டுகிறார். (வியாசர்பாடிக்குப் பெயர் தந்த முனிவரே இந்த உரைகாரர் என்று சொல்லிக்கொள்ள எங்கள் பகுதிக்காரர்களுக்கு ஆசைதான், ஆய்வாளர்கள் இவரை மகாபாரத வியாசரினின்று வேறானவராகவே கொள்கிறார்கள்.) தன்னைத் தானே எழுதிப் பார்க்கும் மூன்றாம் வழி ஒன்று நம் காலத்தில் தமிழ்நாட்டில் பரவியிருக்கிறது.

மூன்றையும் எந்த அளவுகோலால் அளப்பது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயிற்சி நெடுங்காலம், இடைவிடாமல், மதிப்போடு செய்யப்படும்போதே வேரூன்றும் என்று முதல் பாதத்தின் 14ஆம் சூத்திரம் கூறுகிறது. இந்த மூன்று நிபந்தனைகளில் வடசென்னை வாழ்க்கை அதிகம் சோதிப்பது 'இடைவிடாமல்' என்பதைத்தான். ஆகவே, எது உயர்ந்தது என்று கேட்பதைவிட, எது அறுபடாமல் நிற்கும் என்று கேட்பதே இங்கே பொருத்தம்.

படிப்பவர்களில் பலர் யோக சூத்திரத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்குகிறார்கள். மொத்தம் 196 சூத்திரங்கள், சில பாடங்களில் 195. நூல் சிறியதாகவே தோன்றும். ஆனால் முதல் பாதம் சமாதியைப் பற்றியது. 17ஆம் சூத்திரத்துக்கு வரும்போதே சமாதியின் வகைகள் தொடங்கிவிடுவதால், அந்த அனுபவம் எதுவும் இல்லாத ஒருவர் அங்கே சொற்களை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்க நேர்கிறது. இரண்டாம் பாதத்தில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. அவித்தை (அறியாமை), நான் என்னும் முனைப்பு, விருப்பு, வெறுப்பு, சாவச்சம் என்னும் ஐந்து கிலேசங்களும் (மனத்தைத் துன்புறுத்தும் மாசுகளும்) யோகத்தின் எட்டு அங்கங்களும் அங்கேதான் வருகின்றன; நேற்று நடந்த சண்டையை இன்று அவற்றோடு பொருத்திப் பார்க்க முடியும். தமிழ்வழியே செல்ல விரும்புபவர்களுக்குத் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் (பகுதி) இருக்கிறது. எட்டு அங்கங்களை அதுவும் சொல்கிறது. எனினும் பதஞ்சலி இயமம் (விலக்க வேண்டியவை), நியமம் ஒவ்வொன்றுக்கும் ஐந்து கூறும் இடத்தில் திருமூலர் பத்துப் பத்தாக விரிக்கிறார். அவருடைய பத்து நியமங்களுள் ஒன்று சித்தாந்தக் கேள்வி. அறிந்தவர் சொல்லக் காதால் கேட்பதையே அவர் நியமமாக்கியிருக்கிறார் என்பது கவனிக்கத் தக்கது.

தனியே படிப்பதன் குறை அங்கேதான் தெரிகிறது. சூத்திரம் உரையின்றித் திறக்காது. ஓர் உரைக்கும் இன்னோர் உரைக்கும் வேறுபாடு வந்தால், கேட்க ஆள் இல்லாத வாசகர் தமக்குப் பிடித்த பொருளை எடுத்துக்கொள்வார். மேலும், தூக்கம் முழுதும் கலையாத கண்களோடு ஐந்து மணிக்குப் புத்தகத்தை விரிப்பவர் ஒரே பத்தியை மூன்று முறை படித்துவிட்டு மூடிவைக்கிறார். கைபேசியில் படிப்பவரின் நிலை இன்னும் மோசம். குடும்ப வாட்சப் குழுவின் காலை வணக்கப் படங்கள் சூத்திரத்தின் மேலேயே வந்து விழுகின்றன. படிப்பு மிகவும் பயனுள்ளது, ஆனால் அன்றாடக் காலைக்கு உரியதன்று. வாரம் ஒருமுறை, முடிந்தால் இரண்டு மூன்று பேர் கூடி, ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டு, ஒரு சூத்திரத்தையோ ஒரு பாடலையோ பேசி முடிப்பதே அதற்கு ஏற்ற முறை.

ஓதுதலின் பலம் அதன் எளிமையில் இருக்கிறது. விளக்கு வேண்டாம், கண்ணாடி வேண்டாம். மின்சாரம் போன இரவுக்கு மறுநாள் காலையிலும், பத்துக்குப் பத்து அறையில் பிள்ளைகள் பாயில் உறங்கும்போதும், சுவரோரமாக உட்கார்ந்து உதடு மட்டும் அசையச் சொல்லிவிடலாம். மனம் மறுத்தாலும் வாய் தொடங்கிவிடும். தொடங்கிய பிறகு மனம் பின்னால் வரும். திருவாசகத்தின் சிவபுராணம் 95 அடிகள். அவசரமின்றிச் சொன்னாலும் பத்து நிமிடங்களுக்குள் அடங்கும். இந்த வழிக்கு எங்கள் பகுதியிலேயே பெரிய சான்று உண்டு. 1823இல் மருதூரில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே சென்னைக்கு வந்து, ஏழுகிணறு பகுதியில் வளர்ந்த இராமலிங்க அடிகள் முறையான பள்ளிப் படிப்பில் நிலைத்தவர் அல்லர். கந்தகோட்டத்து முருகனையும், திருவொற்றியூர்த் தியாகேசரையும் வடிவுடையம்மனையும் பாடித் தொழுததே அவருடைய இளமைக்கால சாதனையாக இருந்தது.

ஓதுதலின் ஆபத்தும் அந்த எளிமையிலிருந்தே வருகிறது. நாக்கு பழகிவிட்டால், சிலிண்டர் எப்போது தீரும் என்ற கணக்கையும் நமச்சிவாயத்தையும் ஒரே நேரத்தில் நடத்திவிடலாம். பதஞ்சலி இதை அறிந்தே, பிரணவத்தைச் செபிப்பதையும் அதன் பொருளை எண்ணுவதையும் முதல் பாதத்தின் 28ஆம் சூத்திரத்தில் ஒன்றாகக் கட்டிவைக்கிறார். சிவபுராணத்தின் இறுதி அடிகளிலும் பேறு சொல்லப்படுவது 'பொருளுணர்ந்து சொல்லுவார்'க்கே. நடைமுறையில் இதற்கு ஒரு வழி உண்டு: நாள்தோறும் முழுப் பாடலையும் சொல்லிவிட்டு, ஓர் அடியை மட்டும் தேர்ந்து, அதை மூச்சுக்கு ஒருமுறையாக ஐந்தாறு தடவை மெல்லச் சொல்ல வேண்டும். பொருள் தெரியாத சொல் அப்போது தானே உறுத்தும். வாராந்தரப் படிப்புக்கு அதுவே கேள்வியாகிவிடும். சைவரல்லாதவர்க்கு இது எப்படிப் பொருந்தும் என்ற ஐயம் வேண்டாம். வியாசர் 'பிரணவம் முதலிய' என்றுதான் சொல்கிறார். இராயபுரத்துக் கிறிஸ்தவர் ஒருவர் தம் விவிலியச் சங்கீதத்தை இவ்விதம் சொல்வதில் யோகத்துக்கு எந்த முரணும் இல்லை.

மூன்றாவதான எழுத்துக்கு வருவோம். கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911இல் பிறந்த வேதாத்திரி மகரிஷி, மனவளக்கலை என்னும் தம் பயிற்சி முறையில் தவத்தோடு (தியானத்தோடு) அகத்தாய்வையும் ஒரு பாடமாக வைத்தார். எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் என்று படிப்படியாகச் செல்லும் அதில், ஆசைகளையும் சினத்துக்குக் காரணமானவர்களையும் தாளில் பட்டியலிட்டுப் பார்க்கச் சொல்வார்கள். மற்ற இரண்டாலும் முடியாத ஒன்றை இது செய்கிறது. பத்து ஆண்டுகள் ஓதியவரும், வியாச உரையைக் கரைத்துக் குடித்தவரும் தண்ணீர் வரிசையில் குடத்தை முன்னால் நகர்த்தியதற்காக வெடித்துவிடலாம். அந்த வெடிப்பைத் தாளில் எழுதி, 'இதே ஆள்மீது இந்த மாதம் எத்தனை முறை' என்று பார்க்கும்போதுதான் துவேஷம் (வெறுப்பு) என்ற கிலேசம் தன் சொந்த முகத்தோடு தெரிகிறது. தன்னைக் கற்றல் என்பதற்கு இவ்வளவு நேரடியான கருவி வேறு இல்லை.

இருந்தும் இதை அன்றாடத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் காரணம் இடம். ஓரறை வீட்டில், 'மாமியார்' என்று தலைப்பிட்ட பக்கம் உள்ள நோட்டை எங்கே வைப்பது? பரண்மேல் வைத்தாலும், பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது மாமியார் கையில்தான் முதலில் சிக்கும். தனித்தாளில் எழுதி, படித்து, கிழித்துவிடுவதே இங்கே நடக்கக்கூடியது. இரண்டாவது காரணம் கனமானது: தினமும் சினத்தை எழுதுபவர் அதை ஆராய்வதாக எண்ணிக்கொண்டே அதற்குத் தீனி போட்டுவிடக்கூடும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை போதும். மனச்சோர்வில் உழல்பவர் தனியே இதில் இறங்காமல் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

யூடியூப் காணொளிகளையும் செயலிகளையும் இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. ஆசனத்தில் முதுகு எப்படி நிற்க வேண்டும் என்று காட்ட அவை உதவும். சுவாத்தியாயத்தில் அவற்றின் பங்கு, வராத அறிஞரின் விரிவுரையை வீட்டுக்குக் கொண்டுவருவது வரைதான்.

ஆகவே அன்றாடத்துக்கு ஓதுதல், வாரத்துக்குப் படிப்பு, இடையிடையே எழுத்து. இனி, அரைமணிக்குள் ஓதுதலை எங்கே வைப்பது? சுவாத்தியாயத்திலிருந்து யோகத்தில் அமர வேண்டும், யோகத்திலிருந்து மீண்டும் சுவாத்தியாயத்துக்கு வர வேண்டும் என்னும் பழைய சுலோகம் ஒன்றை அதே 28ஆம் சூத்திர உரையில் வியாசர் எடுத்துக்காட்டுகிறார். இதன்படி ஆசனமும் மூச்சும் முடிந்தபின் முழுப் பாடல், பின்னர் மௌனமாக அமர்தல், எழுவதற்குமுன் அந்த ஓர் அடி மட்டும் மறுபடியும் என்று அமைத்துக்கொள்ளலாம். நைட் ஷிப்ட் வாரங்களில் கடிகார நேரத்தைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. காலையில் வீடு திரும்பி உறங்கி, பிற்பகலில் எழுந்து குளித்ததும் இதே வரிசை. அந்த வாரங்களில் ஆசனத்தைப் பாதியாகக் குறைத்தாலும் குறைக்கலாம், ஓதுதலைக் குறைக்க வேண்டாம்; படிப்புக்குக் கூடுபவர்களிடம் மட்டும் அடுத்த வாரம் வருவதாக முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.