புதையல் தேடி நடக்க எந்த ஊர்: லா குவெர்த்துவராதா, ரென்-லெ-ஷத்தோவா?

தெற்கு பிரான்சில் டெம்ப்ளர்கள் என்ற சிலுவைப் போர்க்காலக் கிறிஸ்தவத் துறவி வீரர்களின் பெயர் ஒட்டிக்கொண்ட ஊர்கள் நிறைய. கையில் ஜிபிஎஸ், காலில் நல்ல ஷூ, கூடவே பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் என்று ஜியோகேஷிங் நடை போக விரும்புகிறவர்களுக்காக அவற்றில் இரண்டை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, லார்சாக் பீடபூமியில் உள்ள லா குவெர்த்துவராத். மற்றொன்று, ஓட் மாவட்டத்தில் குன்றின் மேல் இருக்கும் ரென்-லெ-ஷத்தோ.

ஜியோகேஷிங் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்கா ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை நீக்கியது. அடுத்த ஓரிரு நாளில் ஆரிகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு வாளியை மறைத்து வைத்து, அதன் ஆயத்தொலைவை இணையத்தில் போட்டார். அங்கிருந்து தொடங்கிய விளையாட்டு இது. பெட்டியைக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதி, இருந்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். மண்ணைத் தோண்டிப் புதைப்பது விதிப்படி கூடாது. இதை முதலிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். ஏனென்றால் ரென்-லெ-ஷத்தோவின் கதையே தோண்டலில்தான் நிற்கிறது.

அந்த ஊருக்கு 1885இல் பெரஞ்சே சோனியேர் என்ற பாதிரியார் வந்தார். இடிந்துகிடந்த தேவாலயத்தைச் செப்பனிட்டார். பிறகு பெத்தானியா மாளிகை, மக்தலா கோபுரம் என்று கட்டிக்கொண்டே போனார். ஓர் ஏழைப் பங்குக்கு இவ்வளவு பணம் ஏது? தபால் வழியாகக் காணிக்கை வாங்கி, நிறைவேற்றவே முடியாத எண்ணிக்கையில் பூசைகளுக்கு ஒப்புக்கொண்டார் என்பதுதான் திருச்சபை விசாரணையில் வெளிவந்தது. 1917இல் அவர் இறந்தார். பிறகு அந்த மாளிகையை வாங்கியவர் 1950களில் அங்கே உணவு விடுதி நடத்தி, புதையல் கதையைப் பத்திரிகைக்குச் சொன்னார். ரகசியக் காகிதச் சுருள்கள் என்று பின்னால் வந்தவை போலி என்று ஆகிவிட்டது. டெம்ப்ளர்கள் கதைக்குள் வந்ததும் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். அதற்குள் கடப்பாரையோடு வந்தவர்கள் ஊரையே குடைந்துவிட்டார்கள். 1965இல் ஊராட்சி தோண்டலைத் தடை செய்தது. கல்லறையை விட்டுவைக்க மாட்டார்கள் என்ற நிலையில் 2004இல் சோனியேரின் உடலையே வேறிடத்துக்கு மாற்ற வேண்டி வந்தது.

லா குவெர்த்துவராத்தில் புதையல் வதந்தி எதுவும் இந்த அளவுக்கு ஓடவில்லை. ஆனால் வீரர்கள் நிஜமாகவே வாழ்ந்த ஊர் அது. 12ஆம் நூற்றாண்டில் பார்சிலோனா கோமகன் கொடுத்த நிலத்தில் டெம்ப்ளர்கள் லார்சாக்கில் காலூன்றினார்கள். அவர்களுடைய கோட்டை பாறைமேல் எழுந்தது. 1307 அக்டோபர் 13 அன்று பிரான்ஸ் மன்னர் நான்காம் பிலிப் அவர்களைக் கைது செய்ய வைத்தார். 1312இல் போப் அந்த அமைப்பையே கலைத்தார். சொத்து, அதேபோன்ற இன்னொரு துறவி வீரர் அமைப்பான ஹாஸ்பிட்டலர்களிடம் போனது. இன்று எல்லோரும் ‘டெம்ப்ளர் மதில்’ என்று படம் எடுக்கும் சுற்றுச்சுவர், அதற்கு நூறாண்டுக்கும் மேல் கழித்து, 15ஆம் நூற்றாண்டில், கொள்ளைக் கூட்டங்களுக்குப் பயந்து ஹாஸ்பிட்டலர்கள் காலத்தில் எழுந்தது. கோட்டை யாருடையது, மதில் யாருடையது என்று பிள்ளைகளைப் பிரித்துச் சொல்ல வையுங்கள். பாதி வரலாறு அதிலேயே புரிந்துவிடும்.

இந்த ஊருக்குப் பொருத்தமானது பல கட்டப் பெட்டி. முதல் இடத்தில் ஒரு கேள்வி, விடையில் கிடைக்கும் எண்ணை வைத்து அடுத்த இடம், கடைசியில் ஊருக்கு வெளியே டப்பா. கல்லில் செதுக்கிய ஆண்டு, கோபுரத்தில் எத்தனை அம்புத் துளை, தேவாலயத்தை அடுத்த வட்டத் தலைக் கல்லறைக் கற்களில் எந்தச் சிலுவை என்று உற்றுப் பார்க்கப் பழக்கும் வகை இது. மதிலை ஒட்டிய சந்துகளில் கல் சுவர் சிக்னலைத் திருப்பி அடிக்கும். ஜிபிஎஸ் அம்புக்குறி தடுமாறும்போது கண்ணை நம்புவதே நல்லது.

கதவுகளைப் பாருங்கள். பொன்னிறத்தில் உள்ளங்கையை விட அகலமான ஒரு முள்செடிப் பூவைக் காயவைத்து ஆணியடித்திருப்பார்கள். காற்றில் ஈரம் ஏறினால் அது மூடிக்கொள்ளும், வறண்டால் விரியும். மேய்ப்பர்களுக்கு அதுதான் வானிலை அறிக்கை. மதிலுக்கு வெளியே கல் பாவிய வட்டக் குட்டை ஒன்று இருக்கும். சுண்ணாம்புப் பாறை மழைநீரை உடனே உறிஞ்சிவிடுவதால், ஆடுகள் குடிக்க அப்படித்தான் நீரைப் பிடித்து வைத்தார்கள். டெம்ப்ளர்களின் செல்வம் இந்த ஆடும் குதிரையும் தானியமும்தான். அதைக் கொண்டுதான் கிழக்கே நடந்த சிலுவைப் போருக்குப் பணம் அனுப்பினார்கள். அதே பீடபூமியின் செம்மறி ஆட்டுப் பாலில்தான் இன்றும் ரோக்ஃபோர் பாலாடைக்கட்டி செய்கிறார்கள். புதையல் எங்கே என்று கேட்கிற பிள்ளைக்கு இதைவிட நேர்மையான பதில் என்னிடம் இல்லை.

நடையின் கடினம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லார்சாக் பெரும்பாலும் சமதளம், வெள்ளை-சிவப்புக் கோடு போட்ட ஜிஆர் 71சி பாதை ஊரைத் தொட்டுப் போகிறது. ரென்-லெ-ஷத்தோவில் ஊரை விட்டு இறங்கினால் திரும்ப ஏற வேண்டும். பதிலுக்குப் பிரனீஸ் மலைத்தொடரும் புகராஷ் சிகரமும் கண்ணுக்கு விருந்து.

பிள்ளைகளோடு போனால் என் தேர்வு தயக்கமில்லாமல் லா குவெர்த்துவராத். பாரிஸிலிருந்து ஏ75 நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு அது வழியிலேயே இருக்கிறது. மியோ பாலத்தைத் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம்தான். ரென்-லெ-ஷத்தோ வேறு வகை ஆட்களுக்கு. வீட்டில் உட்கார்ந்து குறியீடுகளை அவிழ்த்து, புதிர்ப் பெட்டியின் இடத்தைக் கண்டுபிடித்து, ஒரு வதந்தி எப்படி ஊராகிறது என்று பார்க்க ஆசைப்படும் பெரியவர்களுக்கு அது அருமையான இடம்.

எந்த ஊரானாலும் மெட்டல் டிடெக்டரைக் கொண்டுபோகாதீர்கள். தொல்பொருள் தேட அதைப் பயன்படுத்த பிரான்சில் அரசு அனுமதி வேண்டும். பெட்டி தேடும் ஆர்வத்தில் வயல் ஓரக் கற்சுவரின் கல்லை உருவவும் கூடாது. சாந்தில்லாமல் அடுக்கியவை அவை. கோடையில் லார்சாக்கில் நிழல் குறைவு, பாதையில் குடிநீரை எதிர்பார்க்க முடியாது. காலையிலேயே தொடங்கி, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். புல்லில் உட்கார்ந்து எழுந்தால் பிள்ளைகளின் காலில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று மாலையில் பார்த்துவிடுங்கள்.