ஈயமும் பித்தளையும்: அடுத்த நாட்டைக் குறை சொல்ல யாருக்குத் தகுதி?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆடிட் சம்பந்தமான வேலை பார்த்தவன் நான். பையர், அதாவது துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, சோதனைக்கு அனுப்பும் ஆள் வருவதற்கு முந்தின நாள் ரெக்கார்டுகளை அடுக்கி வைப்பதுதான் பிழைப்பு. ஒருமுறை ஜெர்மன் பையருக்காக வந்தவர், செக்கிங் பக்கத்து அவசர வழிக் கதவைத் தள்ளிப் பார்த்தார். திறக்கவில்லை. வெளியே பூட்டு, உள்ளே கதவை ஒட்டித் துணி பண்டல். அதைக் குறித்துக்கொண்டு, ஓவர்டைம் அதிகம் என்றும் சேர்த்து எழுதினார். அவர் கார் ஏறியதும் மேனேஜர் பொரிந்தார்: "ஏனுங்க, அவிக ஊர்ல மட்டும் எல்லாம் யோக்கியமுங்களா?"

அரசுகள் ஒன்றையொன்று கேட்டுக்கொள்வதும் இதைத்தான். அடுத்த நாட்டின் லஞ்சத்தையும் அத்துமீறலையும் பேச உனக்கென்ன தகுதி? நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன.

முதலாவது, வாயை மூடிக்கொள்வது. 1954-ல் இந்தியாவும் சீனாவும் ஏற்ற பஞ்சசீலத்தில் உள்விவகாரத்தில் தலையிடாமையும் ஒன்று. கேட்க மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் 1946-லேயே தென்னாப்பிரிக்க இந்தியர்கள் படும் பாட்டை ஐ.நா.வுக்குக் கொண்டுபோனது இதே இந்தியாதான். அப்போது நம் ஊர் டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்தது. அதனால் அந்தப் புகார் பொய்யாகிவிட்டதா? இலங்கை விஷயத்தில் 2012, 2013-ல் ஐ.நா. மனித உரிமை மன்றத் தீர்மானங்களுக்கு ஆதரவாக வாக்களித்த இந்தியா, 2014-ல் ஒதுங்கிக்கொண்டது. தலையிடாமை என்பது பெரும்பாலும் கொள்கை இல்லை, சௌகரியம்.

இரண்டாவது, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மார்க் போடுவது. அமெரிக்க வெளியுறவுத் துறை 1970-களிலிருந்து பிற நாடுகளின் மனித உரிமை நிலை பற்றி ஆண்டறிக்கை போடுகிறது. அதில் அமெரிக்காவுக்கு அத்தியாயம் கிடையாது. பதிலுக்குச் சீனா அமெரிக்காவைப் பற்றித் தனியாக ஒன்று போடுகிறது. ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்த இளிப்பும் சில சமயம் வேலை செய்திருக்கிறது. பனிப்போர் காலத்தில் சோவியத் ஒன்றியம் அமெரிக்கக் கறுப்பர்களின் நிலையை உலகமெல்லாம் சொல்லிக் காட்டியது. சொந்த மக்களை லட்சக்கணக்கில் உழைப்பு முகாம்களில் அடைத்த அரசு அது. அதற்கு என்ன யோக்கியதை? துளியும் இல்லை. ஆனாலும் பள்ளிகளில் நிறப் பிரிவினை பற்றிய வழக்கில், 1952 டிசம்பரில் அமெரிக்க அரசே உச்ச நீதிமன்றத்தில், இந்தப் பாகுபாடு வெளிநாட்டில் நம் பெயரைக் கெடுக்கிறது என்று எழுதிக் கொடுத்தது. 1954-ல் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. தீர்ப்பு வாங்கியது வழக்காடியவர்களின் உழைப்புதான். என்றாலும், யோக்கியதை இல்லாதவன் சொன்ன உண்மை அவர்கள் பக்கம் எடை கூட்டியது.

மூன்றாவது, முறை வைத்து எல்லோரையும் விசாரிப்பது. 2008 முதல் ஜெனீவாவில் உள்ள அந்த மனித உரிமை மன்றத்தில், ஐ.நா.வின் 193 உறுப்பு நாடுகளும் மாறி மாறிப் பதில் சொல்லும் நாற்காலியில் உட்கார வேண்டும் என்பது ஏற்பாடு. நியாயம் என்று பார்த்தால் இதற்குத்தான் முதல் பரிசு. பேச்சு மட்டும் கல்யாண வீட்டுப் பேச்சு: முதலில் பாராட்டு, அப்புறம் ஒரு பரிந்துரை, நேரம் முடிந்தது. சித்திரவதைக்கு எதிரான ஒப்பந்தத்தில் இந்தியா 1997-ல் கையெழுத்துப் போட்டது. அதை உறுதிசெய்து சட்டப்படி ஏற்கச் சொல்லி அங்கே திரும்பத் திரும்பக் கேட்டும் நடக்கவில்லை. வீரப்பன் வேட்டையின்போது சத்தியமங்கலம் மலைக் கிராமங்களில் அதிரடிப்படை செய்த கொடுமைகள் பற்றிய புகார்களை விசாரிக்க, தேசிய மனித உரிமை ஆணையம் 1999-ல் சதாசிவா குழுவை அமைத்தது. அந்த மலையில் அடிபட்டவருக்கு, ஜெனீவாவில் கேள்வி கேட்கும் நாட்டின் சிறை சுத்தமா என்பதா கவலை?

நான்காவது, அடுத்த நாட்டில் தன் ஆள் செய்யும் தப்பைத் தானே பிடிப்பது. என் ஓட்டு இதற்குத்தான். வாங்கியவன் ஊரைத் திட்டுகிறோம். கொடுத்தவன் எந்த ஊர்? அமெரிக்காவின் லாக்ஹீட் விமான நிறுவனம் கொடுத்த லஞ்ச விவகாரத்தில் ஜப்பானின் முன்னாள் பிரதமர் தனகா 1976-ல் கைதானார். அடுத்த ஆண்டே, வெளிநாட்டு அதிகாரிக்கு லஞ்சம் கொடுப்பதை அமெரிக்கா குற்றமாக்கியது. ஜெர்மனியிலோ 1990-களின் கடைசி வரை, வெளிநாட்டில் கொடுத்த லஞ்சத்தைச் செலவுக் கணக்கில் காட்டி வரி குறைத்துக்கொள்ள முடிந்தது! 2008-ல் வெளிநாட்டு லஞ்சத்துக்காக ஜெர்மன் கம்பெனி சீமென்ஸ் அமெரிக்க, ஜெர்மன் அரசுகளுக்குச் சுமார் 160 கோடி டாலர் கட்டியது இந்த வழியில்தான். இதற்கும் ஆயுள் கெட்டி என்று சொல்ல முடியாது. 2025 பிப்ரவரியில் டிரம்ப் அந்த 1977 சட்டத்தின் அமலாக்கத்தைச் சில மாதங்கள் நிறுத்தி வைத்தார்.

அந்த ஆடிட்டுக்கு வருகிறேன். ஓவர்டைம் என்று எழுதிய மாதம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. பிரிண்டிங் கலரை இரண்டு தடவை மாற்றிவிட்டு, ஷிப்மென்ட் தேதியை மட்டும் தள்ள மறுத்தது அதே பையர்தான். படிவத்தில் அதை எழுதக் கட்டம் இல்லை. அந்த அளவுக்கு மேனேஜர் கேட்டது சரி.

பூட்டு விஷயம் வேறு. பீஸ் களவு போகிறது என்று நாங்களேதான் போட்டோம். அன்று சாயங்காலமே கழற்றிவிட்டோம். செக்கிங்கில் ஒரு அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏனுங்க, இதையே நாங்க சொன்னப்ப மட்டும் ஏன் கழட்டல?"