ஆறு மாதம் கழித்துத் திறந்தால்: ஹாஸ்கெலா, எலிக்சரா?

காட்பாடியில் வீட்டிலிருந்தபடி ஜாவாவில் வேலை பார்க்கிறேன். ஃபங்ஷனல் மொழி (ஃபங்ஷன்களைக் கோத்தே நிரல் எழுதும் மொழி) ஏதாவது ஒன்று கற்றுக்கொள்ள வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. சும்மா பயிற்சிக் கணக்குகள் போட்டால் பாதியில் விட்டுவிடுவேன் என்று தெரியும். அதனால் ஆம்பூரில் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பகுதி) ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் அக்கா வீட்டுக்காரருக்காக, பீஸ் ரேட் சம்பளக் கணக்கை அந்த வகை மொழிகளான எலிக்சரில் ஒருமுறை, ஹாஸ்கெலில் ஒருமுறை எழுதினேன். இப்போது அங்கே ஓடுவது ஹாஸ்கெல்தான்.

வேலைவாய்ப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காட்பாடியில் பெங்களூரு ரயில் ஏறுகிறவர்களில் இந்த இரண்டில் ஒன்றை வைத்துச் சம்பாதிக்கும் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

தொடங்குவதற்கு எலிக்சர் சுலபம். மூன்று மாலைகளில் கணக்கு ஓடிவிட்டது. ஒன்றின் விடையை அடுத்ததற்குத் தள்ளிவிடும் பைப், ஜாவாக்காரன் கண்ணுக்கும் உடனே பிடிபடும். அடியில் இருப்பது 1986-இல் எரிக்சன் நிறுவனத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்காகத் தொடங்கிய எர்லாங் என்ற மொழியின் மெய்நிகர் இயந்திரம். ஒரு பிராசஸ் (தனித்தனியாக ஓடும் சிறு வேலை) விழுந்தாலும் மற்றவை பாட்டுக்கு ஓடும். ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் வரும் இடத்தில் அதன் அருமை தெரியுமாம். எனக்கு இருந்தது நாற்பது தொழிலாளிகளும் ஒரு பிரிண்டரும்.

ஹாஸ்கெலில் அதே கணக்குக்கு மூன்று வாரம் ஆனது. மோனாட் (வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கும் ஹாஸ்கெல் முறை) என்ற சொல்லோடு ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். என் பழைய லேப்டாப்பில் கம்பைல் (கோடை இயந்திரம் ஓட்டும்படி மாற்றுவது) முடிவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம்.

சரி, அப்புறம் ஏன் ஹாஸ்கெல்? கைவிட்டுத் திரும்பி வரும்போது நடந்த ஒன்றால்தான். முதலில் முடிந்தது எலிக்சர் என்பதால் அதைத்தான் மாமாவிடம் கொடுத்திருந்தேன். கட்டிங், ஸ்கைவிங் (தோலின் ஓரத்தைச் சீவி மெல்லிதாக்குவது), ஸ்டிச்சிங் என்று மூன்று வேலை. ஆறு மாதம் கழித்து பேஸ்டிங்கையும் (பசை போட்டு ஒட்டுவது) சேர்க்கச் சொன்னார். கோடெல்லாம் மறந்துபோயிருந்தது. ரேட் போடும் இடத்தில் சேர்த்தேன், கம்பைல் ஆனது, அனுப்பிவிட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் போன்: "மாப்ள, பாதிப் பேருக்குச் சீட்டே வரல. எல்லாரும் சம்பளத்துக்கு நிக்கிறாங்க." சீட்டு அச்சிடும் ஃபங்ஷனில் பேஸ்டிங்கைச் சேர்க்க விட்டிருக்கிறேன். இந்த வேலைக்குப் பொருந்தும் பிரிவு (clause) ஃபங்ஷனில் இல்லை என்ற பிழை, அதுவும் ஓடும்போதுதான் வந்தது.

அன்று ராத்திரியே ஹாஸ்கெல் கோடில் அதே மாற்றத்தைச் செய்து பார்த்தேன். வேலை என்ற டைப்பில் (என்னென்ன வேலைகள் உண்டு என்ற பட்டியல்) பேஸ்டிங் என்று ஒரு சொல் சேர்த்ததுமே, எச்சரிக்கைகளை எல்லாம் போட்டிருந்ததால், கம்பைலர் மூன்று இடங்களை வரி எண்ணோடு காட்டியது: இங்கே பேஸ்டிங் வந்தால் என்ன செய்வது என்று சொல்லவில்லை. மறந்துபோன எனக்குப் பதிலாக அது ஞாபகம் வைத்திருந்தது. பொழுதுபோக்காக எழுதுகிறவன் எப்படியும் மாதக்கணக்கில் விட்டுவிட்டுத்தான் திரும்புவான். எனக்கு அந்த ஒரு காரணம் போதும்.

இதிலும் ஓட்டை உண்டு. முன்பணம் கழிக்கும் இடத்தில் சோம்பேறித்தனமாக 'மற்றதெல்லாம்' என்று ஒரு அடிக்கோடு (_) போட்டு வைத்திருந்தேன். அங்கே கம்பைலர் வாயே திறக்கவில்லை, நானாகத்தான் பார்த்துப் பிடித்தேன். எலிக்சரிலும் 1.17, 1.18 பதிப்புகளிலிருந்து கம்பைலரே சில டைப் தவறுகளைப் பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. நான் எழுதியது அதற்கு முந்தைய பதிப்பில் என்பதால், இன்று எழுதினால் எவ்வளவு மாறும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

பராமரிப்பிலேயே ஒரு விஷயத்தில் எலிக்சர்தான் மேல். 2014-இல் வந்த 1.0-க்குப் பிறகு இன்னும் 1 வரிசையிலேயே இருக்கிறது, பழைய கோடு பெரும்பாலும் அப்படியே ஓடும். ஹாஸ்கெலில் கம்பைலரைப் புதுப்பித்த அன்று இரண்டு பேக்கேஜ்கள் (பிறர் எழுதிவைத்த கோடு) ஒத்துப்போகாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. இப்போது பதிப்புகளைப் பூட்டி வைத்திருக்கிறேன். மாமா அடுத்து பேக்கிங்கையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். அந்த அடிக்கோட்டை முதலில் எடுக்க வேண்டும்.