மிட்டோஃபிஷ் சைட்: மீனோட வம்சாவளி தேடுறவங்களுக்கு எப்படி?

எந்த மீனுக்கு எந்த மீன் நெருங்கின சொந்தம்னு மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ (செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவுல தனியா இருக்குற டிஎன்ஏ) வெச்சு பாக்குறீங்கன்னா டோக்கியோ யுனிவர்சிட்டியில இருந்து வர்ற மிட்டோஃபிஷ் சைட்டை கண்டிப்பா யூஸ் பண்ணுங்க, காசு கிடையாது, மீனுக்குன்னே கட்டினது. அதுல எனக்கு ரொம்ப புடிச்சது ஜீன்களை தானா குறிச்சு குடுக்குற மிட்டோஅனோடேட்டர்ங்கிற டூல்தான். டிஎன்ஏ சீக்வென்ஸை FASTAங்கிற டெக்ஸ்ட் ஃபைலா போட்டா போதும், ஒரு மீனோட மைட்டோ டிஎன்ஏவுல சுமாரா 16,500 பேஸ் (டிஎன்ஏ எழுத்து) இருக்கும், அதுல 13 புரோட்டீன் ஜீன், புரோட்டீன் கட்ட உதவுற ஆர்என்ஏக்களுக்கான 22 டிஆர்என்ஏ ஜீன், 2 ஆர்ஆர்என்ஏ ஜீன் எல்லாம் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு குறிச்சு வட்டமா ஒரு மேப்பும் போட்டு குடுத்துடுது. கையால குறிச்சு பாத்தவங்களுக்கு இதோட அருமை தெரியும்.

விலாங்கு வகைகளோட மேப்பை வரிசையா வெச்சு பாருங்க, சூப்பரா இருக்கும். பாம்புக்கு தலையும் மீனுக்கு வாலும் காட்டும்னு சொல்வாங்களே அதே விலாங்குதான், நம்ம ஆறுகள்ல இருக்குற அங்குயில்லா பைகலர், அங்குயில்லா பெங்காலென்சிஸ் எல்லாம் அந்த இனம். அங்குயில்லாவுல என்டி6ங்கிற ஜீன் வழக்கம்போல என்டி5, சைட்டோக்ரோம் பிங்கிற ரெண்டு ஜீனுக்கு நடுவுல, டிஎன்ஏவோட எதிர் இழையில இருக்கும். காங்கர் ஈல்ங்கிற கடல் விலாங்குல பாத்தா அந்த எடத்துல அது இல்ல, தள்ளிப்போய் உக்காந்திருக்கு. ஆழ்கடல்ல வாயை பெருசா பொளக்குற கல்பர் ஈல்கள்ல ஜீன் வரிசையே மொத்தமா மாறியிருக்கு, அதுவும் ரெண்டு பேரினத்துலயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. பேஸ் மாறுறது சகஜம், ஜீன் வரிசை மாறுறது அபூர்வம், அதனால ரெண்டு மீன்ல ஒரே மாதிரி மாறியிருந்தா அது சொந்தத்துக்கு நல்ல ஆதாரம்.

2010ல இனோவே, மியாங்கிற ஆராய்ச்சியாளர்களோட குழு விலாங்கு வகை மீன்களோட 19 குடும்பத்துல இருந்தும் 56 இனம் எடுத்து முழு மைட்டோ ஜீனோம் (மொத்த மைட்டோ டிஎன்ஏ) வெச்சே வம்சாவளி மரம் போட்டாங்க. ஆத்து விலாங்கு போய் சேந்தது எங்கன்னா ஆழ்கடலோட நடுத்தண்ணியில வாழுற கல்பர் ஈல், ஸ்னைப் ஈல் கூட்டத்துல! ஆத்துல வளந்த ஜப்பான் விலாங்கு ஏன் மரியானா பக்கம் நடுக்கடல் வரைக்கும் போய் முட்டை போடுதுன்னு இப்போ யோசிச்சு பாருங்க, அதோட மூதாதையர் வாழ்ந்த கடலுக்குத்தான் அது திரும்பி போகுது.

சரி, எதெல்லாம் நீங்களே பண்ணணும்? மிட்டோஅனோடேட்டர் மரம் போடாது, மாஃப்ட்ங்கிற சாஃப்ட்வேர்ல சீக்வென்ஸ்களை ஒண்ணுக்கொண்ணு பொருத்தி (அலைன் பண்ணி) ஐக்யூ-ட்ரீ மாதிரி மரம் போடுற சாஃப்ட்வேர் ஏதாவதுல ஓட்டிக்கணும். ஜீன் முடியுற எடத்தையும் ஒரு கண்ணு பாத்துக்கோங்க, மீன்கள்ல நிறைய ஜீன் முழு ஸ்டாப் கோடான் (ஜீன் முடியுதுன்னு சொல்ற மூணெழுத்து) இல்லாம வெறும் T இல்லன்னா TAல நின்னுடும், மிச்ச A எழுத்து ஆர்என்ஏல பின்னாடிதான் சேரும்.

பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு, இது சைட்டோட குறை இல்ல, மைட்டோகாண்ட்ரியாவோட இயல்பே அப்படி. அது அம்மா வழியா மட்டும் வர்றது. ஐஸ்லாந்துல ஐரோப்பிய விலாங்கும் அமெரிக்க விலாங்கும் கலந்த குட்டிங்க இருக்கு, அதுங்களோட மைட்டோ டிஎன்ஏவ மட்டும் பாத்தா அம்மா எந்த இனமோ அதுதான்னு வரும், கலப்புன்னே தெரியாது. அதனால குடும்பம், பேரினம் அளவுல தேடுறவங்க தாராளமா இத நம்பி ஆரம்பிங்க, ஒட்டி வாழுற ரெண்டு இனத்த பிரிக்கிற வேலைன்னா நியூக்ளியர் மார்க்கருக்கும் (அம்மா அப்பா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வர்ற செல் உட்கரு டிஎன்ஏ அடையாளம்) பட்ஜெட்ல மொதல்லயே எடம் வெச்சுடுங்க.